கொல்கத்தாவில் நிற்க ஓர் இடம்

மதுரையில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். பதினான்கு வருடமாகிறது. எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்கே தெரிந்துவிடும். மணமேடைக்கு இடப்பக்கம் ஒரு தூண் இருக்கும், அதை ஒட்டி ஒரு முழ இடம் கிடைக்கும். அங்கே நின்றால் ஐயருக்கும் மறைக்காது, முன்வரிசைப் பெரியவர்களுக்கும் மறைக்காது. தாலி கட்டும் நேரத்தைப் பத்திரிகையிலேயே அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். தெரியாத ஊரில் இந்த இரண்டும் கிடையாது. எங்கே நிற்பது என்றும் தெரியாது, எது எப்போது நடக்கும் என்றும் தெரியாது.

மார்கழியில் எங்களுக்கு முகூர்த்தம் இல்லை. 2025 ஜனவரியில் அந்த ஓய்வில்தான் கொல்கத்தா போனேன். எனக்காக ஒரு பத்து நிமிடப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கையில் ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா, ஒரு 35 மி.மீ. லென்ஸ், ஒரு மைக். ஸ்டாண்டும், கேமராவை ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் கிம்பலும் வேண்டுமென்றேதான் எடுத்துப் போகவில்லை. ஸ்டாண்டை விரித்தால் அந்த இடம் 'ஷூட்டிங் ஸ்பாட்' ஆகிவிடுகிறது. வேலை செய்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், காவலர் வந்து அனுமதிக் கடிதம் கேட்பார். கிம்பல் வைத்து எடுத்தால் படம் வழுக்கிக்கொண்டு போகிறது, எடுத்தவர் அங்கே இருந்ததற்கான அடையாளமே தெரிவதில்லை. கையில் பிடித்து எடுக்கும் படத்தில் ஒரு மூச்சு இருக்கிறது. எனக்கு அந்த மூச்சு வேண்டும். மூச்சு வேறு, நடுக்கம் வேறு. நடுக்கம் இல்லாமல் மூச்சை மட்டும் வைத்துக்கொள்ள முடிவது நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

சென்னையில் ஏறிய ஹவுரா மெயில் விடியும் முன்பே இறக்கிவிட்டது. போனில் 26 இடங்களைக் குறித்து வைத்திருந்தேன். எல்லாம் மற்றவர்களின் படங்களிலும் வீடியோக்களிலும் பார்த்துச் சேர்த்தவை. முதல் நாள் அவற்றில் ஏழுக்கு ஓடினேன். ராத்திரி அறையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் நாற்பது நிமிடம் இருந்தது, படத்தில் வைக்க ஒரு ஷாட்கூட இல்லை. எல்லாமே ஏற்கெனவே பார்த்த படங்களாகவும், அவற்றைவிடக் கொஞ்சம் மோசமாகவும் இருந்தன.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பிரின்செப் காட் என்று ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு மண்டபம். காட் என்றால் படித்துறை. வெள்ளைத் தூண்கள், பின்னால் 1992-இல் திறந்த வித்யாசாகர் சேது பாலத்தின் கம்பி வடங்கள். புகைப்படத்தில் பார்த்தால் மனிதரே இல்லாத அமைதி. நான் போனபோது கல்யாண ஜோடிகள் தூணுக்கு ஒன்றாக நின்றுகொண்டிருந்தார்கள். அது என் தொழில்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த இடத்தில் எல்லோரும் கேமராவுக்காகவே வந்திருந்தார்கள். கேமரா இல்லாவிட்டால் அங்கே அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. வரைபடத்தில் நான் குறித்து வைத்திருந்ததெல்லாம் காட்சிகள். நிற்கிற இடம் அதில் ஒன்றுகூட இல்லை என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது.

ஆனாலும் பிரின்செப் காட்டைச் சும்மா விட மனமில்லை. ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர், 1837-இல் அசோகரின் பிராமி எழுத்துகளை முழுவதுமாகப் படித்துக்காட்டியவர். எங்கள் ஊர்ப் பக்கம் மாங்குளம் மலையில் தமிழி என்கிற தமிழ் பிராமி எழுத்தைத் தடவிப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரை ஒரு தூணில் பார்க்கும்போது உள்ளே ஏதோ செய்தது. கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் கேமராவை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெரிய மண்டபம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன், அதே பழக்கம்தான். கையில் கேமரா இருந்தால் கண் ஃப்ரேமைத் தேடும். இல்லாவிட்டால் மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்பது தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் கண்ணில் பட்டது துணி. வடக்குக் கொல்கத்தாவின் சந்துகள் குறுகல், இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள். குளிர்கால வெயில் தெருவுக்கு இறங்குவதே அரிது. ஆனால் சில பால்கனிகளில் மட்டும் துணி நிறையக் காய்ந்தது, பக்கத்திலேயே வேறு சில பால்கனிகள் காலி. மொட்டைமாடியில் வடகம் போட இடம் பார்க்கும் என் அம்மா நினைவுக்கு வந்தார். எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெயில் வரும், எத்தனை மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் என்று அவருக்கு அத்துப்படி. சூரியன் போகிற பாதையைக் காட்டும் செயலி ஒன்று என் போனிலும் இருக்கிறது. போட்டோபில்ஸ், நல்ல செயலிதான். சூரியன் எந்தத் திசையில் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கோடு போட்டுக் காட்டும். ஆனால் எதிர்வீட்டு மாடி எத்தனை உயரம் என்று அதற்குத் தெரியாது. அந்தத் தெருவில் துணி உலர்த்தும் பெண்ணுக்குத் தெரியும்.

அன்றைக்கு முழுக்க அப்படித்தான் பார்த்தேன். டீக்கடை எங்கே இருக்கிறதோ அங்கே ஆட்கள் நின்று பேச இடம் இருக்கிறது, அங்கே நானும் நிற்கலாம். ரிக்‌ஷாக்காரர் வண்டியைச் சாய்த்துவிட்டு எந்தச் சுவர் ஓரம் தூங்குகிறாரோ அந்தச் சுவர் ஓரம் யாரும் இடிக்க மாட்டார்கள். நாய் சுருண்டு கிடக்கிற இடத்தில் காலையில் வெயில் விழும். நான் தேடுகிற வெளிச்சத்தையும் இடத்தையும் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வேலைக்காக எப்போதோ தேடிக் கண்டுபிடித்துப் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு விஷயம். மதுரையில் ஜனவரியில் சூரியன் மறைய ஆறே கால் ஆகும். கொல்கத்தாவில் ஐந்து மணி தாண்டியதுமே மறைந்துவிடுகிறது. ஊர் மதுரைக்குக் கிழக்கே ஏறக்குறையப் பத்து பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம், ஆக நாற்பது நிமிடம் அதிலேயே போய்விடும். வடக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலப் பகலும் குறுகல். ஆனால் கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. போதாததற்கு, ஜனவரியில் ஆற்றின் மேல் புகைமூட்டம். சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே சிவந்து மங்கி அதற்குள் கரைந்துவிடும். ஐந்து மணிக்குப் பொன்வெயில் என்று கணக்குப் போட்டுப் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கே நான் மூன்றரைக்கே இடத்தில் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் லேக் மார்க்கெட் போனேன். தெற்குக் கொல்கத்தாவில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. காப்பித்தூள், வாழையிலை, மல்லிகைச் சரம் எல்லாம் கிடைக்கிறது. காப்பித்தூள் கடையில் நின்ற ஒரு பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு மதுரையா?" என்றார். நாற்பது வருடமாக அங்கேயே இருக்கிறாராம். வந்த விஷயத்தைச் சொன்னேன். "வடக்கே போங்க தம்பி, பழைய வீடெல்லாம் அங்கதான். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ரோக் இருக்கும். பேசாம அதுல உட்காருங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, நீங்க ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா." ரோக் என்றால் என்ன என்று கேட்டேன். "நம்ம திண்ணைதான்" என்றார்.

மூன்றாம் நாள் காலை மல்லிக் காட் பூச்சந்தை. ஹவுரா பாலத்தின் கிழக்கு முனைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. 1943-இல் திறந்த பாலம், நட்டு போல்ட் இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டியது. சந்தையில் திறந்த இடத்தில் நின்று அண்ணாந்தால் அந்த இரும்புதான் தெரியும். பான்ஸ்குரா, கோலாகாட், ராணாகாட் பக்கங்களிலிருந்து பூ வருகிறது. எங்கள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாசனை தூக்கும். இங்கே கண்ணை நிறைப்பது செண்டுப்பூ. மஞ்சளும் ஆரஞ்சுமாக, கட்டிய மாலைகளைக் கயிற்றுக் கட்டு மாதிரி மொத்தமாகச் சுருட்டித் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

முதல் அரை மணி நேரம் எனக்குச் சரியாகவே அமையவில்லை. நடைபாதை மூன்று நான்கு அடிதான் இருக்கும். கூடை சுமப்பவர்கள் பின்னாலிருந்து "தேக்கி, தேக்கி" என்று குரல் கொடுத்தபடி வந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அது பார்ப்பதைப் பற்றிய வார்த்தை. கேமராவைக் காட்டச் சொல்கிறார்களோ என்று நின்றுவிட்டேன். தோளில் கூடை இடித்தது. 'தேக்கி' என்று அவர்கள் சொன்னால் 'கொஞ்சம் வழி விடு' என்று அர்த்தம். தலையில் அவ்வளவு பாரத்தோடு வருகிறவரால் நிற்க முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. நான் நின்றதால் அவர் தடுமாறினார். அது என்னை உறுத்தியது. அவருடைய பாதையில் நின்றுகொண்டு அவரைப் படம் எடுப்பது முறையில்லை.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஒரு டீ வாங்கிக்கொண்டு, அவர்கள் எந்தத் தடத்தில் போகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு இடம் எந்தக் கூட்டத்திலும் இருக்கும். மல்லிக் காட்டில் அது ஒரு இரும்புத் தூணுக்குப் பின்னால் இருந்தது. தூணை ஒட்டி மாலை வியாபாரி ஒருவர் கீழே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தூணுக்கும் நடுவே இரண்டடி இடம். கூடைக்காரர்கள் எல்லோரும் அந்தத் தூணைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். ஆனால் அந்த இரண்டடிக்குள் யாரும் கால் வைப்பதில்லை.

"வீடியோ கொர்தே பாரி, தாதா?" வீடியோ எடுக்கலாமா அண்ணா என்று அர்த்தம். முந்தின நாள் தங்குமிடத்துப் பையனிடம் கேட்டு மனப்பாடம் செய்த வாக்கியம். அவர் என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பக்கத்திலிருந்த மாலைக் கட்டை ஒரு அடி நகர்த்தி இடம் கொடுத்தார். தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, கழுத்து வாரை முன்னால் இழுத்து இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகு, கழுத்து, இரண்டு கை. நான்கு இடத்தில் பிடிமானம் கிடைத்தால் கேமரா ஆடாது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஒரு ஷாட்டுக்கு மனதுக்குள் பன்னிரண்டு எண்ணுவேன். அங்கே ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு ஒருவராவது அதே திருப்பத்தில், அதே வெளிச்சத்தில் வந்துகொண்டிருந்தார். ஒருவரைத் தவறவிட்டால் அடுத்தவர் வருவார். முகூர்த்த நேரம் திரும்பத் திரும்ப வருகிற மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூணடியில் இன்னொன்றும் கவனித்தேன். சந்தையின் பெரும்பகுதிக்கு மேலே நீல பிளாஸ்டிக் படுதா. அதன் கீழே முகங்கள் எல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கும், செண்டுப்பூகூடச் செத்த நிறமாகத் தெரியும். கேமராவில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது முழுதாகச் சரியாகாது. என் தூணுக்கு மேலே இரண்டு படுதாக்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி. சூரியன் உதித்தது ஆறே காலுக்கு. அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் இறங்க ஏழே கால் ஆனது. மாலைகளின் மேல் தெளித்த தண்ணீர் ஒவ்வொரு இதழ் நுனியிலும் நின்றது. வியாபாரியின் விரல்கள் இருபது இருபதாக எண்ணிப் பிரித்தன. எண்ணும்போது கட்டைவிரல் மட்டும் நகர்கிறது, மற்ற நான்கும் மாலைகளைத் தாங்கியபடி அசையாமல் இருக்கின்றன. அந்தக் கையை மட்டும் ஒரு நிமிடம் எடுத்தேன். என் படத்தில் அதுதான் முதல் ஷாட்.

சந்தையை ஒட்டிய படித்துறையில் குளிப்பவர்கள் இருந்தார்கள். அங்கே கேமராவைத் தூக்கவில்லை. அழகான ஃப்ரேம், பின்னால் பாலம், நீராவி மாதிரி பனி. இருந்தாலும் வீட்டில் குளியலறை இல்லாததால் ஆற்றுக்கு வருகிறவர்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போக எனக்கு உரிமை கிடையாது. அந்தப் படிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும்: ஹூக்ளி கடலோதம் ஏறி இறங்குகிற ஆறு. தண்ணீர் வடிந்தபின் கீழ்ப்படிகளில் ஒரு விரற்கடை வண்டல் படிந்திருக்கும், காய்ந்த மாதிரித் தெரியும், கால் வைத்தால் வழுக்கும்.

அங்கிருந்து படகுத்துறைக்குப் போனேன். பாலத்தைப் படம் பிடிக்கப் பாலத்தின் மேல் நிற்பதைவிட ஆற்றில் போகிற படகு நல்லது. பாலத்தின் நடைமேடையில் பஸ் போகும்போதெல்லாம் காலுக்குக் கீழே அதிர்கிறது. ஆனால் படகில் முதல் தடவை ஒரு தவறு செய்தேன். பூச்சந்தையில் தூணில் சாய்ந்து பழகிய தைரியத்தில் படகின் கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றிவிட்டேன். எஞ்சின் அதிர்வு முழுக்கக் கம்பி வழியாகக் கேமராவுக்கு ஏறிவிட்டது. படம் முழுக்கச் சின்னச் சின்னதாகத் துடித்தது. அந்தத் துடிப்பைக் கணினியிலும் சரி செய்ய முடியாது. ஓடுகிற எதிலும் சாயக் கூடாது. தளத்தின் நடுவில் நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பே அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள விட வேண்டும். திரும்பி வரும்போது அப்படி நின்று எடுத்தது நன்றாக வந்தது.

டிராமிலும் அதே விதிதான். கொல்கத்தாவில் 1873-இல் குதிரை இழுத்து ஓடிய டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024 செப்டம்பரில், ஒரு பாரம்பரியப் பாதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. நான் போனபோது ஷியாம்பஜாரிலிருந்து கல்லூரித் தெரு வழியாக எஸ்பிளனேடு போகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதில் மூன்று தடவை போய்வந்தேன். முதல் தடவை வெறுமனே பார்த்தேன், இரண்டாவது தடவை மைக்கை மட்டும் வைத்து ஒலியை எடுத்தேன், மூன்றாவது தடவைதான் படம். மர இருக்கைகள், தலைக்கு மேல் தேய்ந்து பளபளக்கும் கைப்பிடிகள், ஓட்டுநர் காலால் அடிக்கும் மணி. அந்த மணி ஓசை போகப் போகிறது என்ற எண்ணம் எனக்குத் தொண்டையை அடைத்தது. ஒலியை மட்டுமே இருபது நிமிடம் வைத்திருக்கிறேன்.

கையில் பிடித்து எடுக்கிறவர்கள் பலரும் கோட்டைவிடுகிற ஒரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு தடவை மின்னும். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி என்று வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. பல கேமராக்களும் போன்களும் 30 ஃப்ரேமில் இருக்கும். அதை அப்படியே விட்டுக் கடைக்குள் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். பகல் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதற்கு லென்ஸ் முன்னால் ஒரு என்டி ஃபில்டர் போட வேண்டும், கறுப்புக் கண்ணாடி போடுகிற மாதிரி. அப்புறம், போனில் எடுக்கிறவர்கள் இருட்டில் நடுக்கம் தடுக்கும் வசதியை நம்ப வேண்டாம். விளக்குகள் நின்ற இடத்திலேயே தடதடவென்று இழுபடும்.

நான்காம் நாள் குமோர்ட்டுலி. களிமண்ணில் சாமி சிலை செய்கிறவர்களின் பகுதி. துர்கா பூஜைக்கு முன்னால் அங்கே கேமரா கூட்டம் மொய்க்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜனவரியில் வேலை சரஸ்வதிக்கு. பிப்ரவரி முதலில் பூஜை வருவதால் தெரு முழுக்க அன்னமும் வீணையுமாக நின்றன, தலை வைக்காத உடல்கள், வண்ணம் பூசாத முகங்கள். அங்கே எனக்கு இடம் தேட வேண்டியே இருக்கவில்லை. ஜனவரியில் களிமண் காய வெயில் போதாது. அதனால் எந்த மூலையில் வெயில் விழுகிறதோ அங்கே சிலைகளைத் தூக்கி வைக்கிறார்கள், வெயில் நகர்ந்தால் சிலையையும் நகர்த்துகிறார்கள். காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை நான் சிலைகளுக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு பட்டறை வாசலில் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். உள்ளே இருட்டு, வாசல் வழியாக மட்டும் வெளிச்சம், அதுவும் பக்கவாட்டில். உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் ஸ்டாண்ட் ஆகிவிடும். முழங்கைகளை அதில் ஊன்றினால் கேமரா சிலையின் கை உயரத்துக்குச் சரியாக வரும். இளைஞர் ஒருவர் சரஸ்வதியின் விரல்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். விரல்களைத் தனியே செய்து காயவைத்திருக்கிறார்கள். உள்ளங்கையோடு சேரும் இடத்தில் மெல்லிய துணித் துண்டைக் குழைந்த மண்ணில் நனைத்துச் சுற்றுகிறார், காய்ந்தபின் அங்கே விரிசல் விடக் கூடாது என்பதற்காக. துணியைச் சுற்றிவிட்டு ஈர விரலால் ஒரு தடவை நீவினார். துணி இருந்த இடமே தெரியவில்லை. பத்து விரல்களையும் அவர் பொருத்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று விரல்கள் வரை அவர் அவ்வப்போது கேமராவைப் பார்த்தார். நான்காவது விரலிலிருந்து நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். அந்த நான்காவது விரலுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். வாசலில் நின்றபடி இரண்டு நிமிடம் எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

கடைசி நாள் லேக் மார்க்கெட் பெரியவர் சொன்ன ரோக். ஷோவாபஜார் பக்கம், ஆற்றை நோக்கிப் போகும் ஒரு சந்து. இருபக்கமும் பச்சை மரச்சட்டம் வைத்த ஜன்னல்கள், வாசலுக்கு வாசல் சிமெண்ட் திண்ணை. ஒரு வீட்டுத் திண்ணையில் வயதானவர் ஒருவர் போர்வை போர்த்தி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "காக்கு, இங்கே உட்காரலாமா?" என்று கையைக் காட்டிக் கேட்டேன். காக்கு என்றால் சித்தப்பா. தலையை ஆட்டினார்.

முதலில் கேமராவை எடுக்கவில்லை. அரை மணி நேரம் சும்மா இருந்தேன். திண்ணை என்பதால் எனக்கு அது புது ஊராகவே தோன்றவில்லை. தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும், இங்கேயும் அப்படித்தான். மீன் கூடைக்காரர் போனார், பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், ஒரு ரிக்‌ஷா மணியை ஆட்டிக்கொண்டு போனது. திண்ணை தெருவைவிட இரண்டடி உயரம், அதனால் உட்கார்ந்திருந்தாலும் கேமரா நடப்பவர்களின் நெஞ்சு மட்டத்துக்கு வரும். முதுகுக்குச் சுவர், முழங்கைக்கு முழங்கால், தலைக்கு நிழல். ஐந்து நாளில் இதைவிட நல்ல இடம் எனக்கு அமையவில்லை. பிறகு அவரிடம் கேமராவைக் காட்டிக் கேட்டுவிட்டு எடுக்க ஆரம்பித்தேன்.

மூன்றே முக்கால் இருக்கும். சந்து முழுக்க நிழலாகிவிட்டது. இனி வெளிச்சம் இல்லை என்று கேமராவைப் பைக்குள் வைக்கப் போனேன். பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "எக்டு தாரான்" என்றார். கொஞ்சம் பொறுங்கள். கையால் என்னை இடப்பக்கம் இரண்டடி நகரச் சொன்னார். எதற்கென்று புரியாமலே நகர்ந்தேன். ஆற்றுப் பக்கம், சந்தின் கடைசியில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கை அகல இடைவெளி தெரிந்தது. அதைச் சுட்டிக் காட்டினார், பிறகு தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான்கு மணி தாண்டியதும் அந்த இடைவெளி வழியாகச் சூரியன் வந்தது. தெருத் தரையில் ஒரு கோடாக நீண்டு, எதிர்வீட்டுச் சுவரில் ஏறி, முதல் மாடியின் பச்சை ஜன்னலில் போய் நின்றது. உள்ளே யாரோ சட்டங்களைத் திறந்தார்கள். ஒரு பெண்ணின் கை வெளியே வந்து, கம்பியில் கிடந்த ஈரத் துண்டு ஒன்றை அந்த வெயில் பட்ட இடத்துக்கு இழுத்து விரித்தது.